முதலில் கேள்... பிறகு ஸ்பானரை எடு!



ஆண்டு மலர் என்றாலே கவிதை, நட்பு, ஹாஸ்டல் சாப்பாடு, முதல் நாள் ராகிங் என்று பக்கங்கள் நிறைந்துவிடும். நானும் அப்படி ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன கோடை லீவில் நடந்த ஒரு விஷயம் மனசுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருக்கும். நான் தோற்ற கதைதான் இது. சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கலாம். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

எங்கள் சித்தப்பாவிடம் 35 எச்.பி. டிராக்டர் ஒன்று இருக்கிறது. மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின். வயதில் எனக்கு அண்ணன். டெல்டா பக்கம் எங்கள் ஊர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கும். அதற்கு முன்னாலேயே போர்செட் தண்ணீரில் நாற்று விட்டு, குறுவை நடவுக்கு நிலத்தைத் தயார் செய்கிறவர் அவர். அந்த வருஷமும் அப்படித்தான். நாற்றுக்கு 20 நாள் ஆகிவிட்டது. மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. கூண்டுச் சக்கரம் மாட்டி, காலையில் சேற்றுழவுக்கு வண்டி வயலில் இறங்கியது. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடியது. வரப்போரம் திரும்பும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

குறுவை ரகங்களுக்கு நாற்றின் வயது ரொம்ப முக்கியம். நாற்று முத்திப்போனால் தூர் கட்டுவது குறையும், மகசூல் அடிபடும். சேறு பாதியில் நிற்கிறது. நடவு ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது? வாடகை வண்டி தேடினால் அந்த வாரத்தில் ஊரில் ஒரு வண்டியும் சும்மா இல்லை. அப்போதுதான் சித்தப்பா, சுற்றி நின்றவர்கள் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"எதுக்கு மெக்கானிக்? நம்ம புள்ளையே டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்குது. அவன் பாத்துக்குவான்!"

எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டது. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடி... மறுபடி... பேட்டரி இறங்கி "டக், டக்" என்று சத்தம் மட்டும் வரும் வரைக்கும் விடவில்லை. இடையில் மூன்று இன்ஜெக்டர் பைப் நட்டுகளையும் தளர்த்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். டீசல் வரவில்லை. உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: "சித்தப்பா, எப்.ஐ. பம்ப் போயிடுச்சு. டவுனுக்குக் கொண்டுபோய் காலிப்ரேஷன் பண்ணணும்." போனில் விசாரித்தோம். மூன்று நாள் ஆகும், ஏழெட்டாயிரம் ரூபாய் செலவாகும் என்றார்கள். சித்தப்பா முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பம்பைக் கழற்றிக்கொள்ளலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் பாயை வரவழைத்தார்கள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்று அவரே சொல்வார். வந்தவர் பம்பைப் பார்க்கவில்லை. முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை! பிறகு வரப்பில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"எப்படி நின்னுச்சு? டக்குனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

"இழுத்து இழுத்துத்தான் பாய்."

"நேத்து நல்லா ஓடுச்சா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை."

"நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல யாராவது வண்டியில கை வச்சீங்களா?"

"யாரும் வைக்கலை பாய்."

"ராத்திரி மழை பெஞ்சுதே... வண்டி எங்க நின்னுச்சு?"

"களத்துலதான் நின்னுச்சு. டேங்க் மூடியில வாஷர் போயி லூசா இருந்துச்சு, தண்ணி எறங்கிடும்னு ஒரு பாலிதீனை வச்சு இறுக்கி மூடினேன்."

பாய் எழுந்து போனார். டேங்க் மூடியைத் திருகினார். "புஸ்ஸ்..." என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

விஷயம் இவ்வளவுதான். அந்த மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். பாலிதீன் அந்த வழியை அடைத்துவிட்டது. டேங்க் நிறைய டீசல் இருந்ததால் மேலே காற்று இருக்கிற இடம் கொஞ்சம்தான். சீக்கிரமே வெற்றிடம் உண்டாகி, பீட் பம்ப் இழுத்தும் டீசல் வராமல் போய்விட்டது. முதலாம் ஆண்டு பிசிக்ஸ்! அழுத்த வேறுபாடு இருந்தால்தான் திரவம் நகரும் என்று நான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் டேங்க் மூடியில் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூடியைத் திறந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா? இல்லை! காரணம், நான். ஒரு குறையோடு நின்ற வண்டிக்கு நான் இன்னும் இரண்டு குறைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பேட்டரியைத் தீர்த்துவிட்டேன். பைப்பைத் தளர்த்தி லைன் முழுக்கக் காற்று ஏற விட்டுவிட்டேன். பாய் பக்கத்து வயல்காரரின் வண்டி பேட்டரியைக் கொண்டுவரச் சொன்னார். பில்டர் மேல் இருக்கிற ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை போய் சுத்த டீசல் வரும் வரை விட்டு மூடினார். அடுத்து எப்.ஐ. பம்ப் ஸ்குரு. கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டு. இந்த வரிசை மாறக்கூடாது; டேங்கிலிருந்து என்ஜினை நோக்கித்தான் காற்றை வெளியேற்ற வேண்டும். சாவியைத் திருப்பினார். புகையைக் கக்கிக்கொண்டு வண்டி பிடித்தது. கூலியாக 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, போகும்போது என் தோளில் தட்டி, "தம்பி, வண்டி பேசாது. ஆளுங்க பேசுவாங்க. அவங்களைக் கேட்டுட்டு அப்புறம் ஸ்பானரை எடு" என்றார்.

சரி, இதிலிருந்து நான் சொல்ல வருவது என்ன? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்ற பழமொழியைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரிலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏடு தப்பு இல்லை. பாய் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் நம் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு இல்லாமல் போனது கை பழக்கம் மட்டும் இல்லை, வரிசை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்கிற வரிசை. அதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். நம் லேபில் குறுக்கே வெட்டி வைத்த என்ஜின் இருக்கிறது. எப்.ஐ. பம்பைக் கழற்றி மாட்டியிருக்கிறோம். வால்வு டைமிங் டயகிராம் போட்டிருக்கிறோம். எல்லாமே நல்ல நிலையில் உள்ளவை, அல்லது எப்போதுமே ஓடாதவை! "இது ஓடவில்லை, ஏன் என்று கண்டுபிடி" என்று ஒரு இயந்திரத்தை நம் முன்னால் யாராவது நிறுத்தியிருக்கிறார்களா? வெளியே போனால் நமக்கு வரப்போகிற வேலையே அதுதானே!

அந்த வரிசையை, பாயிடம் பிறகு பலமுறை உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை ஏறக்குறைய 16-ல் அல்லது 18-ல் ஒரு பங்காக அமுக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசல் பனித்துளி மாதிரி தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, வேண்டியவை நான்குதான்: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று வேண்டும், அமுக்கம் வேண்டும், சரியான நேரத்தில் டீசல் வேண்டும். எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதல் வேலை, கேட்பது. எப்படி நின்றது, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று கேளுங்கள். "ஒண்ணும் பண்ணலை" என்ற பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள். சித்தப்பா பொய் சொல்லவில்லை. பாலிதீன் வைத்ததை அவர் "வண்டியில் கை வைத்தது" என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். கேள்வியை மாற்றிக் கேட்டபோதுதான் பதில் வந்தது.

இரண்டாவது, காசு செலவில்லாமல் கண்ணால் பார்ப்பது. டேங்கில் டீசல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா? ஸ்டாப் நாப் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? கேபிள் துருப்பிடித்து பாதியில் மாட்டிக்கொண்டால் பம்புக்குள் டீசல் நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா? பேட்டரி டெர்மினல் பூத்திருக்கிறதா?

மூன்றாவது, சுற்றும்போது காதைத் தீட்டிக்கொள்வது. சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சேப்டி சுவிட்ச், சொலினாய்டுக்குப் போகிற ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். "டக்" என்று மட்டும் கேட்டால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியோ டெர்மினலோ சரியில்லை. லைட் மங்காமல் நின்றால் செல்ப் மோட்டார், சொலினாய்டு பக்கம் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் தடித்த கேபிளையும் எர்த் ஒயரையும் மறக்காதீர்கள்.

இங்கே நம் ஓம்ஸ் லா எவ்வளவு உதவும் பாருங்கள். செல்ப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூத்துப்போன டெர்மினலில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தால் போதும், 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட்! 12 வோல்ட்டில் 2 வோல்ட் அந்த இடத்திலேயே காலி. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி போஸ்டுக்கும் கேபிள் லக்குக்கும் நடுவில் வோல்ட் பார்த்தால்தான் தெரியும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும்; சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டெர்மினலைச் சுத்தம் செய்யாமலேயே புது பேட்டரி வாங்கியவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

நான்காவது, சைலன்சரைப் பார்ப்பது. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: அமுக்கம் குறைவு, டைமிங் பிசகு, அல்லது டீசலில் தண்ணீர். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. அன்றைக்கு எங்கள் வண்டியில் ஒரு சொட்டுப் புகைகூட வரவில்லை. அதை மட்டும் நான் கவனித்திருந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் ஒரே ஒரு பாதையில் தேடியிருப்பேன். பம்புக்கே டீசல் வரவில்லை என்றால் பம்ப் எதை அனுப்பும்? பாவம், அதன் மேல் பழி போட்டேன்!

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்பானர். அதிலும் மூன்று எச்சரிக்கைகள். 10, 15 விநாடிக்கு மேல் ஒரே மூச்சாகச் சுற்றாதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிடுங்கள். இன்ஜெக்டரிலிருந்து பீச்சியடிக்கிற டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள்; அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லாவற்றையும் விட, கீழே நின்றுகொண்டு செல்ப் மோட்டாரில் ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணாதீர்கள். வண்டி கியரில் இருந்தால் அப்படியே கிளம்பி, பின்சக்கரம் ஆள் மேல் ஏறிவிடும். உலகம் முழுக்க விவசாயிகள் இப்படிச் செத்திருக்கிறார்கள். பாய் வந்ததும் முதலில் கியரை ஆட்டிப் பார்த்தது எதற்கென்று இப்போது புரிகிறதா?

"இதெல்லாம் பழைய வண்டிக்கு சரி. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தானே, ஸ்கேனரை மாட்டினா சொல்லிடுமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலும் காமன் ரெயிலும் இ.சி.யு.வும்தான். ஸ்கேனர் "ரெயில் பிரஷர் குறைவு" என்று சொல்லும். ஆனால் டேங்க் மூடியில் பாலிதீன் இருக்கிறது என்று எந்த ஸ்கேனராவது சொல்லுமா? கருவி வழியைக் காட்டும்; நடக்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்று. பழைய வண்டிகள் அவ்வளவு சீக்கிரம் வயலை விட்டுப் போய்விடாது. எச்.எம்.டி. நிறுவனம் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்தோடு 1971-ல் பிஞ்சூரில் டிராக்டர் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. பிரிவு மூடினாலும் வண்டிகள் மூடிக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஓடுகின்றன. புது வண்டி வாங்க வசதியில்லாத விவசாயிக்கு அந்தப் பழசுதான் முதல். அது நின்றால் அவருடைய பருவமும் நிற்கும்.

அதனால் நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். பேரவை ஒவ்வொரு வருஷமும் கேன்டீன், பஸ் பாஸ், விளையாட்டுச் சாமான் என்று கேட்கிறது. கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இதையும் கேட்போம்: நம் ஒர்க்ஷாப்புக்கு ஸ்டார்ட் ஆகாத ஒரு பழைய டிராக்டர் வேண்டும்!

வாரம் ஒருநாள் ஆசிரியர் அதில் ஒரு குறையை ஒளித்து வைக்கட்டும். ஒரு வாரம் ஸ்டாப் கேபிள், ஒரு வாரம் எர்த் ஒயர், ஒரு வாரம் டேங்க் மூடி. நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அரை மணி நேரம். முதல் பத்து நிமிஷம் ஸ்பானரைத் தொடக்கூடாது. கேட்டதையும் பார்த்ததையும் வரிசையாக எழுத வேண்டும். மார்க்கில் பாதி அந்தத் தாளுக்கு. குறையைக் கண்டுபிடிக்காவிட்டாலும் வரிசை சரியாக இருந்தால் அந்த மார்க் உண்டு. குருட்டாம்போக்கில் கண்டுபிடித்தவனுக்கு அது கிடையாது. மாதம் ஒருமுறை பாயைப் போன்ற ஒரு மெக்கானிக்கை மரியாதையோடு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேசச் சொல்வோம். டிபார்ட்மெண்டில் ஒரு பெரிய நோட்டு வைத்து ஒவ்வொரு குறையையும் அதில் எழுதிவைத்தால் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அதுவே ஒரு பாடப்புத்தகம்.

"சிலபஸே முடியலை, இதுக்கு எங்கப்பா நேரம்?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் சுமை எனக்குத் தெரியும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒர்க்ஷாப் சாவியைக் கொடுத்து ஒருவர் கூட நின்றால் போதும், மற்றதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வோம். பழைய வண்டி எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். வருஷக்கணக்காக நிற்கிற வண்டி ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. மறுநாள் நடவு நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது சித்தப்பா மட்டும், "பரவால்லப்பா, நீ இன்னும் படிச்சு முடிக்கலைல்ல" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் படித்து முடித்த பிறகும் அந்த வண்டி ஒருநாள் நிற்கும். அன்றைக்கும் அவர் ஊர் முன்னால், "நம்ம புள்ளை பாத்துக்குவான்" என்றுதான் சொல்வார். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படிச் சொல்ல ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருக்கிறார் இல்லையா? அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா, தோழர்களே?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு